எலியேனி ஏன் தண்ணீரில் இறங்கினாள்?

டால்பின்களுக்குக் கொடுக்கும் மீன் இருந்த தொட்டியைக் காலால் தள்ளியவன் நான்தான். இதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு படகு நிறைய வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் அத்தனை பேரும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் ஓலைத் தொப்பி. தினமும் காலையில், டால்பின்களோடு நீந்த வருகிறவர்களுக்காக ஆற்றில் கட்டியிருக்கும் எங்கள் மிதவை மேல் நான் போடும் வேஷம் அது. எங்கள் ஆற்று டால்பின் திருவிழா ராத்திரிகளில் அழகான ஆண்பிள்ளையாகக் கரையேறும், உச்சந்தலையில் இருக்கும் மூச்சுத் துளையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொள்ளும், பிடித்த பெண்ணோடு ஆடிவிட்டு விடிவதற்குள் தண்ணீருக்குத் திரும்பிவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அப்பா பெயர் சொல்ல விரும்பாத பிள்ளைகளுக்கெல்லாம் இந்த ஊரில் டால்பின்தான் அப்பா. அதற்கு மேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அந்த அழகனாக நடிப்பது நான். என் தொப்பையையும் வழுக்கையையும் பார்த்த எந்தப் பெண்ணும் இதுவரை ஏமாந்ததில்லை. ஆனால் சிரிப்பார்கள். சிரித்தால் மறுநாள் சொந்தக்காரர்களைக் கூட்டி வருவார்கள். அதுதான் எங்கள் பிழைப்பு.

இன்று காலை அந்த ஆட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும்போது கால் வழுக்கியது. அந்தக் கால் பட்டு மீன் தொட்டி மிதவைப் பலகை மேல் சறுக்கிப் போய், அப்படியே தலைகுப்புறத் தண்ணீரில் கவிழ்ந்தது.

மிதவையில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. மீனை ஒவ்வொன்றாக, கையால், ஆறு வரும் மேல்பக்கமாகக் கொடுக்க வேண்டும். ஆட்கள் இறங்கி நிற்கும் படி கீழ்ப்பக்கம். அந்தப் படி தண்ணீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் இருக்கும் ஒரு பலகை. தொட்டி அதன் பக்கமே போகக்கூடாது. வரிசையில் நின்று மரியாதையாக வாங்கித் தின்னும் மிருகங்கள், மொத்தமாகக் கொட்டினால் மரியாதையை மறந்துவிடும். மனிதர்களைக் கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறேன், அவர்களும் அப்படித்தான்.

தொட்டி கவிழ்ந்தது கீழ்ப்பக்கம். அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தது என் தங்கை எலியேனி. ஏழு மாதம் முடிந்த வயிறோடு.

கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ரோஸ் நிற முதுகுகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. முதுகில் தழும்பு உள்ள பெரிய ஆணுக்கு நாங்கள் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவன் கடிக்கவில்லை, முறைக்கவில்லை. மீனைப் பார்த்துத் திரும்பினான், அவ்வளவுதான். திரும்பிய வேகத்தில் அவன் தலையும் தோளும் எலியேனியின் விலாவில் மோதின.

அவள் கத்தவில்லை. இல்லாத நாற்காலியில் உட்காரப் போனவள் மாதிரி தண்ணீருக்குள் உட்கார்ந்தாள்.

பயணிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் கை தட்டினார்.

*

இந்தக் குடும்பத்தைத் தொடர்கதை மாதிரி வாராவாரம் பார்த்து வருபவர்களுக்கு எங்கள் சண்டைகள் மனப்பாடமாகியிருக்கும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மிதவை எனக்கும் எலியேனிக்கும் சொந்தம். அவள் புருஷன் வால்டெசி, "வயித்துப் புள்ளையோட அவள அந்த மிதவைக்கு அனுப்பாத" என்று என்னோடு சண்டை போட்டுவிட்டு, மனாவுஸ் நகரத்து மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலைக்குப் போய்விட்டான். எங்கள் அம்மா ஜுல்மிரா அவன் கட்சி. கர்ப்பிணியின் வாசனைக்கு டால்பின் படகுக்குப் பின்னாலேயே வரும், பிள்ளையை மயக்கிக் கொண்டுபோகும் என்று நம்புகிறவள். அந்த விஷயத்தில் அவள் என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ பூனையிடமோ சொல்வாள்.

எலியேனி என் கட்சி. அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவள் தண்ணீரில் இறங்குவதில்லை. நிழலில் நாற்காலி போட்டுப் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுப்பாள், என் ஆட்டத்தில் குறை சொல்லுவாள்.

இன்றைக்கு மட்டும் ஏன் இறங்கினாள்? உடுப்பைக்கூட மாற்றாமல், உடுத்திய பூப்போட்ட கவுனோடு?

ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மோட்டாரைப் பிடித்தபடி அதைத்தான் கேட்டேன்.

"ஏன் எறங்கின, எலியேனி?"

"வெக்கையா இருந்துச்சு."

"வலிக்குதா?"

"தொப்பிய கழட்டுண்ணே. ஆஸ்பத்திரில ஒன்னையப் பாத்துட்டு, அப்பா வந்துட்டார்னு எழுதிக்கப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எங்கள் குடும்ப வியாதி அது. தலையில் இடி விழுந்தாலும் முதலில் ஒரு நக்கல் வரும். தொப்பியைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன்.

*

ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரே டாக்டர் ரெனாட்டா. தெற்கிலிருந்து இந்த வருஷம்தான் வந்தவர். சின்ன வயசு. எங்கள் வெயிலில் மூக்கு எப்போதும் உரிந்தபடி இருக்கும். வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், ஆனால் எலியேனியின் வயிற்றில் கை வைத்தபோது மட்டும் மெதுவாக வைத்தார்.

ஒரு சின்னக் கருவியை அடிவயிற்றில் அங்கும் இங்கும் நகர்த்தினார். கரகரவென்று வெறும் சத்தம். அப்புறம், தூரத்து வீட்டில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது போல ஒன்று கேட்டது.

"இருக்கு," என்றார்.

நான் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ரத்தப்போக்கு இல்ல. வயிறு கெட்டியாகல. நல்லது," என்றவர் எலியேனியைப் பார்த்தார். "கொழந்த கடைசியா எப்ப அசைஞ்சுது?"

"காலைல. காப்பி குடிக்கறப்ப," என்றாள் எலியேனி.

"நல்லா ஒதைச்சுதா?"

"கால்பந்து ஆடுச்சு."

டாக்டர் தலையாட்டிக்கொண்டு, வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, கோடு கோடாகக் காகிதம் தள்ளும் மெஷினோடு இணைத்தார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஒங்க மிதவைல கர்ப்பிணிங்கள எறக்குவீங்களா?"

"நாங்களா எறக்க மாட்டோம், டாக்டர். அவங்களா ஆசைப்பட்டுக் கேட்டா…"

"கேட்டா?"

"டால்பினுக்கு வயித்துல புள்ள இருக்கறது தெரியும், பூ மாதிரி பக்கத்துல வரும்னு சொல்லுவேன்."

"தெரியலாம்," என்றார். "தெரிஞ்சுக்கிட்டா அதுக்குப் பசிக்காதா?"

நான் வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகினேன்.

"அது பொல்லாத மிருகம்னு நான் சொல்லல. ஆனா ஒங்கள மாதிரி ரெண்டு பேரு எடை இருக்கும். நடுத் தண்ணில அது திரும்பினா, நடுவுல நிக்கறவங்களுக்கு அடிதான். பல்லும் இருக்கு. ஆத்துத் தண்ணில என்னென்ன கிருமி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பலகை வேற வழுக்கும். இதெல்லாம் போதாதுன்னு…"

"ஒரு முட்டாள் தொட்டிய ஒதைப்பான்," என்று முடித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"வயித்துல புள்ள இருக்கறப்ப அதுங்களோட நீந்தறது சரியான்னு யாராச்சும் ஒங்கள கேட்டா, கரையில நின்னு பாருங்கன்னு சொல்லுங்க. பாக்கறதுக்கும் அது அழகுதான்."

"சரி டாக்டர். இப்ப என் தங்கச்சிக்கு இப்பிடி ஆனது என்னாலதானா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லத் தெரியல. துடிப்பு வருது. ஆனா சோம்பலா வருது. ஏத்த எறக்கம் இல்ல. தூங்கற கொழந்தைக்கும் அப்பிடி இருக்கும். அடிபட்டாலும் இருக்கலாம்." அவர் ஆற்றின் பக்கம் பார்த்தார். "மனாவுஸுக்கு அனுப்பினா அங்க ஆபரேஷன் பண்ண ஆளு இருக்கு, குறைமாசக் கொழந்தைய வெச்சுக்க எடம் இருக்கு. எனக்கு இங்க ஒண்ணும் இல்ல. ஆனா அத்தன நேரம் படகுல குலுங்கினா, ஒண்ணும் இல்லாததும் ஒண்ணாயிடும். அடிபட்ட வயிறு. காலைல நல்லா அசைஞ்சுதுன்னு சொல்றாங்க, அதனாலதான் காத்திருக்கலாம்னு பாக்கறேன்."

"எவ்ளோ நேரம்?"

"படகுக்காரர் இருட்டறதுக்கு முன்னாடி கிளம்பணும்ங்கறார். தண்ணி வத்தின மாசமாம். பாறையெல்லாம் வெளிய நிக்குதாம்."

அது உண்மைதான். இந்த மாதத்தில் ராத்திரியில் எங்கள் ஆற்றில் படகை விடுகிறவன் ஒன்று குடித்திருக்க வேண்டும், அல்லது என்னைப் போல இருக்க வேண்டும்.

உள்ளே திரும்பப் போனவர் கதவருகில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். சீட்டுக் குடுக்கறவங்க தண்ணிக்குள்ள என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

"வெக்கையா இருந்துச்சாம்," என்றேன். சொல்லும்போதே அது எனக்குப் பொய்யாகக் கேட்டது. நேற்று ராத்திரி முழுக்கக் காலம் தப்பிய மழை. காலையில் மிதவையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள்.

*

அம்மா வந்துவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்று உடுப்பு, வறுத்த மரவள்ளிப் பொடி, பொரித்த மீன், ஒரு கொத்துப் பூண்டு.

சாப்பாடு எங்களுக்கு. பூண்டு டால்பினுக்கு. அந்த வாசனை இருக்கும் படகை அது நெருங்காது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. அம்மா ஒவ்வொரு பல்லாக உரித்து, கட்டிலின் நாலு காலிலும் தேய்த்தாள், ஜன்னல் சட்டத்தில் தேய்த்தாள், எலியேனியின் உள்ளங்காலில் தேய்த்தாள். எலியேனி கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டாள்.

உள்ளே வந்த டாக்டர் மூக்கைச் சுருக்கினார். "என்ன வாசன?"

"மருந்து," என்றாள் அம்மா.

"யாருக்கு?"

"வெளிய நிக்கறவனுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "புள்ளத்தாச்சிய தண்ணிப் பக்கம் விடாதன்னு சொன்னேன். பெத்தவ சொன்னா எவன் கேக்கறான்? மீனு சொன்னா கேப்பான். ஆட்டம் ஆடச் சொன்னா ஆடுவான்."

"அம்மா, அவன விடு," என்றாள் எலியேனி.

"நான் செவுத்துக்கிட்ட பேசறேன்."

"செவுரு பாவம்மா."

டாக்டர் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். "பழச்சாறு எதாச்சும் குடுங்க. இனிப்பா. எழுந்துக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போனார்.

நான் எதிர்க் கடையில் கரும்புச்சாறு வாங்கி வந்தேன். எலியேனி குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பட்டைக்குக் கீழே பூப்போட்ட துணி, அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. வேறு எதற்கும் அல்ல.

"தூங்குமூஞ்சி," என்றேன். "மாமன் மாதிரி."

எலியேனி சிரிக்கவில்லை. அவள் என் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருந்ததுண்டு. பதில் நக்கல் அடிக்காமல் இருந்ததே இல்லை.

*

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே மாமரத்தடியில்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும். வால்டெசியைக் கூப்பிட்டேன். சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"சொல்லு," என்றான். பின்னால் தொழிற்சாலை இரைந்தது.

சொன்னேன். தொட்டி, இன்ஸ்பெக்டர், டாக்டர் எல்லாம். அவன் திட்டுவான் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. இரைச்சல் குறைந்தது. எங்கோ வெளியே நடந்து வந்திருக்கிறான்.

"அவ தண்ணில எதுக்கு எறங்கினா, மச்சான்?"

"அதத்தான் நானும் காலைலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன். ஒங்கிட்ட எதாச்சும் சொன்னாளா?"

"நேத்து ராத்திரி பேசினா. பேரு வெக்கறதப் பத்தி. எங்கப்பா பேரு வேணாம், ஒங்கப்பா பேரும் வேணாம்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் நடுவுல ஒண்ணு கேட்டா."

"என்ன?"

"வயித்துல இருக்கற கொழந்தைங்க எவ்ளோ நேரம் தூங்கும்னு கேட்டா. நான் என்னத்தக் கண்டேன்? பொறந்ததுக்கு அப்புறம் நம்மள தூங்க விடாதாம்ல, அதுக்கு இப்பவே சேத்துத் தூங்குதுன்னு சொன்னேன்." அவன் குரல் உடைந்தது. "அவளும் சிரிச்சா, மச்சான். நல்லாத்தான் சிரிச்சா."

மாமரப் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்தேன்.

"அவ பக்கத்துல இரு," என்றான். "நான் தொறைக்கு வந்து நிக்கறேன். படகு வந்தாலும் வராட்டாலும் நிக்கறேன்."

மரத்தடியிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படகின் மேல் உட்கார்ந்து படகுக்காரர் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அடிக்கடி வானத்தைப் பார்த்தார்.

*

அறைக்குள் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். எலியேனி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. தடவவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்பவர்கள் வைத்திருப்பது போல, அழுத்தி வைத்திருந்தாள்.

"அம்மா," என்றேன். "கொஞ்சம் வெளிய இரு."

அம்மா சுவரைப் பார்த்தாள். "தொர சொல்றாரு, நான் வெளிய போகணுமாம்."

"செவுத்துக்கிட்ட இல்லம்மா. எங்கிட்ட பேசு. நான் ஒங்கிட்ட கேக்கறேன். கொஞ்சம் வெளிய இரு."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அதில் எங்கே நக்கல் ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். நாற்பது வயதுப் பிள்ளையின் முகத்தில் அவளுக்குப் பழக்கமான அந்த ஒன்று இல்லாமல் போனது அவளைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ஜெபமாலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தாண்டும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மெஷின் காகிதம் தள்ளிக்கொண்டிருந்தது. தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒரே மாதிரி, ஒரே மாதிரி.

"வால்டெசிகிட்ட பேசினேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நேத்து நீ அவன்கிட்ட ஒண்ணு கேட்டியாமே."

"அவன் ஒளறுவான்."

"எலியேனி, நான் சிரிக்க வெக்க வரல. நீயும் என்னையச் சிரிக்க வெக்காத. வெளிய படகு நிக்குது. இருட்டினா அது போகாது. காலைல அது ஒதைச்சுதுன்னு நீ சொன்னத நம்பித்தான் டாக்டர் ஒன்ன இங்க வெச்சிருக்காங்க."

அவள் உதட்டைக் கடித்தாள்.

"ஏன் தண்ணில எறங்கின?"

வராந்தாவில் யாரோ இருமினார்கள். அம்மாவின் செருப்புச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டியே?"

"சொல்லு."

"சொன்னா, டால்பின் மயக்கிடுச்சும்பா. மந்திரிக்கறவகிட்ட இழுத்துட்டுப் போவா. எங்கேயும் விட மாட்டா. ஒங்கிட்ட சொன்னா, நீ எதாச்சும் ஜோக் அடிப்ப. நானும் சிரிச்சிருவேன். சிரிச்சா சரியாப் போச்சுன்னு ரெண்டு பேரும் விட்டுருவோம். அதான் யாருகிட்டயும் சொல்லல."

"இப்ப அடிக்க மாட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. துடைக்கவில்லை. வயிற்றில் இருந்த கையை எடுத்தால் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்தவள் போல அந்தக் கை அங்கேயே இருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து அது அசையலண்ணே. காப்பி குடிச்சப்பவும் இல்ல, எப்பவும் இல்ல. தண்ணில நின்னா ஒடம்பு லேசாகுமே, உள்ள துளி அசைஞ்சாக்கூடத் தெரியும்னு நெனச்சு எறங்கினேன். ரொம்ப நேரம் நின்னேன். நீ ஆடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒங்காலு வழுக்கினதால இல்ல. டாக்டரக் கூப்புடு. நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லு. படகுல என்னைய ஏத்துங்க."